காசு போகும் வேகமும் கேள்வி கேட்கும் நேரமும்

2016ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, கொழும்பு சுதந்திர தின விடுமுறையில் இருந்த அந்த வியாழக்கிழமை, பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் முன்பே புகுந்திருந்தவர்கள், அவ்வங்கியின் கணக்கு இருந்த நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பணமாற்றக் கட்டளைகளை அனுப்பினார்கள். மொத்தத் தொகை ஏறத்தாழ 951 மில்லியன் அமெரிக்க டொலர். அவற்றில் ஐந்து கட்டளைகள், 101 மில்லியன் டொலர் அளவுக்கு, நிறைவேறின. 81 மில்லியன் பிலிப்பைன்ஸின் தலைநகர் மணிலாவுக்குப் போனது. மீதி 20 மில்லியன் கொழும்பிலுள்ள பான் ஏசியா வங்கியில் ஓர் அறக்கட்டளையின் கணக்குக்கு வரவேண்டியிருந்தது. வழியில் இருந்த டொய்ச்சே வங்கியில், பெறுநரின் பெயரில் எழுத்துப்பிழை இருப்பது கண்ணில்பட்டு, விளக்கம் கேட்கப்பட்டது. இலங்கை போன்ற ஒரு நாட்டுக்கு இவ்வளவு பெரிய தொகை வருவது வழமையல்லவே என்ற ஐயம் கொழும்பு வங்கியிலும் எழுந்தது. அந்த 20 மில்லியனும் பங்களாதேஷுக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

மணிலாவுக்குப் போன தொகையில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்துவிட்டது. திருடர்கள் கால அட்டவணையை மிக நுட்பமாகத் தெரிந்தெடுத்திருந்தார்கள். டாக்காவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. நியூயோர்க்கில் சனியும் ஞாயிறும். அடுத்து வந்த திங்கட்கிழமை பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. ஒரு நகரத்தில் ஆள் இருக்கும்போது மற்ற நகரத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. டாக்காவில் பணமாற்றச் செய்திகளைத் தானாக அச்சிடும் இயந்திரத்தையும் அவர்கள் முடக்கியிருந்தார்கள். கடவுச்சொல்லைக் களவாடியது ஒருபுறமிருக்க, கேள்வி கேட்கக்கூடிய மனிதர்களை ஏறக்குறைய நான்கு நாட்களுக்கு அவர்கள் அகற்றி வைத்ததுதான் அந்தக் களவின் உண்மையான திறமை என்று நான் எண்ணுகிறேன்.

கொழும்பில் வங்கிகளுக்கான கொடுப்பனவுச் செயலிகளைப் பரிசோதிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தத் துறையில் தலைமைப் பொறுப்புக்கு வருகிறவரின் நிபுணத்துவத்தை நாம் எதை வைத்து அளக்கிறோம் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, தரவை இரகசியக் குறிகளாக மாற்றும் மறைகுறியாக்கம் தெரியுமா, இன்னின்ன சான்றிதழ்கள் உண்டா, எத்தனை தாக்குதல்களைத் தடுத்திருக்கிறார் என்று பார்க்கிறார்கள். இவை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மோசடித் தடுப்பில் உண்மையாகவே தேர்ந்தவர்களின் வேலையை எடுத்துப் படித்தால், அவர்கள் வேறு மூன்றைக் கவனித்துக் கட்டியிருப்பது தெரிகிறது: சந்தேகிக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது, சந்தேகிக்க அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, தவறினால் நட்டம் யாருடையது. இந்த மூன்றையும் ஒழுங்குசெய்யாமல் விட்டுவிட்டு எவ்வளவு விலைகொடுத்து மென்பொருள் வாங்கினாலும் பயனில்லை.

இணையவழிப் பணமாற்று நிறுவனமான பேபாலின் தொடக்ககாலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2000ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கடனட்டை மோசடியால் மாதந்தோறும் 10 மில்லியன் டொலருக்கும் மேல் இழந்துகொண்டிருந்ததாக அதன் நிறுவுநர்களில் ஒருவரான பீட்டர் தீல் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர் மேக்ஸ் லெவ்சின். 1975இல் கீவ் நகரில் பிறந்து இளம் வயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அவரும் டேவிட் கவுஸ்பெக் என்ற பொறியியலாளரும் சேர்ந்து, வளைந்தும் நெளிந்தும் கிடக்கும் எழுத்துகளை வாசித்துத் தட்டச்சுச் செய்யச் சொல்லும் சோதனையைக் கணக்குத் திறக்கும் பக்கத்தில் வைத்தார்கள். இயந்திரங்களைக் கொண்டு ஆயிரக்கணக்கில் போலிக் கணக்குகளைத் திறந்துகொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய தடையாயிற்று. இன்று நாம் எல்லோரும் சலித்துக்கொண்டு தாண்டிப்போகும் அந்தச் சோதனையை வணிக அளவில் முதன்முதலில் பயன்படுத்திய இடங்களில் பேபாலும் ஒன்று.

லெவ்சினின் அடுத்த வேலையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மோசடிப் பரிமாற்றங்களைத் தானாகக் கண்டுபிடித்துத் தானாக ரத்துசெய்யும் மென்பொருளை அவருடைய குழு எழுதியது. திருடர்கள் ஓரிரு மணித்தியாலத்துக்குள் அதன் போக்கைப் புரிந்துகொண்டு தங்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். மென்பொருளால் அந்த வேகத்தில் மாற முடியவில்லை. பிறகு அவர் முறையைத் திருத்தி அமைத்தார். கணினி சந்தேகத்துக்குரியவற்றை மட்டும் பிரித்தெடுத்து, பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை ஒரு மனிதர் பார்த்தவுடன் விளங்கிக்கொள்ளும்படி திரையில் வரைந்து காட்டும். முடிவெடுப்பவர் அந்த மனிதர். தன்னை ஒருபோதும் பிடிக்க முடியாது என்று சவால்விட்ட ரஷ்ய மோசடிக்காரர் ஒருவரின் பெயரால் அதற்கு ‘இகோர்’ என்று பெயர் வைத்தார்கள். 2002ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் பேபால் முதன்முறையாக இலாபம் கண்டது. அதே ஆண்டில் ஈபே நிறுவனம் அதை 1.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. தன் இயந்திரம் தோற்கும் இடம் எது என்று கண்டு, அந்த இடத்தில் மனிதரை உட்காரவைத்து, அவருக்குத் தேவையானதை அவர் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்த தலைவரைத்தான் நான் நிபுணர் என்பேன்.

நட்டம் யாருடையது என்ற கேள்விக்கு நான் திரும்பத் திரும்பப் போவது ரொஸ் அண்டர்சனிடம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்புத் துறைப் பேராசிரியராக இருந்த அவர் 2024 மார்ச்சில் காலமானார். பிரித்தானியாவில் ஏ.ரி.எம். இயந்திரங்களிலிருந்து தாங்கள் எடுக்காத பணம் எடுக்கப்பட்டதாக வாடிக்கையாளர்கள் முறையிட்டுக்கொண்டிருந்த காலத்தில், மோசடிகளின் உண்மைக் காரணங்களை ஆராய்ந்து 1993இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மறைகுறியை உடைத்துச் செய்யப்பட்டவை அரிது; நிறுவுதலில் விட்ட தவறுகளும் நிர்வாகக் குறைபாடுகளுமே பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்று அதில் காட்டினார். அவர் சுட்டிய இன்னொன்று என்னை இன்றுவரை விடவில்லை. அமெரிக்காவில், வாடிக்கையாளர் மறுக்கும் பணமெடுப்பு அவருடைய செயல்தான் என்று காட்டும் சுமை வங்கிக்கு இருந்தது. காட்ட முடியாவிட்டால் வங்கி பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பிரித்தானியாவில் வங்கிகள், எங்கள் முறைமையில் தவறு நேராது, ஆகவே நீங்களோ உங்கள் வீட்டாரோதான் எடுத்திருக்கவேண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடிந்தது. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் முறையிடப் போன ஒரு பொலிஸ்காரர் மீதே மோசடிக் குற்றம் சுமத்தி 1994இல் தண்டித்தார்கள். 1996இல் மேன்முறையீட்டில்தான் அவர் விடுதலையானார். பொறுப்பிலிருந்து தப்பிய பிரித்தானிய வங்கிகள் இலாபம் அடைந்திருக்கவேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது எதிர்மாறு: நட்டம் தமக்கில்லை என்றிருந்ததால் கவனம் தளர்ந்தது, மோசடி பெருகியது, பாதுகாப்புக்குச் செலவிட்ட பணமும் குறையவில்லை.

இப்போது கொழும்புக்கு வருகிறேன். 2006இல் காசோலைகளின் படங்களை மட்டும் அனுப்பித் தீர்வுசெய்யும் முறையைத் தெற்காசியாவில் முதலில் கொண்டுவந்த நாடு நம்முடையது. அப்படியிருந்தும் காசோலைப் பணம் கைக்கு வர அடுத்த வேலைநாள்வரை காத்திருக்கவேண்டும். 2015இல் வங்கிகளுக்கிடையே உடனுக்குடன் பணம் மாற்றும் முறை வந்தது, பிறகு கியூ.ஆர். குறியீடுகள் வந்தன. செட்டியார் தெரு நகைக்கடையிலிருந்து கொட்டாஞ்சேனை மரக்கறிக் கடைவரை இன்று கைத்தொலைபேசியால் பணம் கொடுக்கலாம். நல்ல முன்னேற்றம், அதன் ஒரு மூலையில் நானும் வேலைசெய்திருக்கிறேன் என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்த ஒருநாள் தாமதத்துக்குள் ஒரு காசாளரின் பார்வை, கிளை முகாமையாளரின் ஒரு தொலைபேசி அழைப்பு, வாடிக்கையாளரின் மறுயோசனை எல்லாம் அடங்கியிருந்தன. தாமதத்தை எடுத்தபோது அவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டோம். அவற்றுக்கு ஈடாக எதையும் வைக்கவில்லை.

வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு, ரொறன்ரோவில் உள்ள பெறாமகளின் வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. “பெரியம்மா, இங்க வங்கிச் செயலி வேலை செய்யுதில்லை, கொழும்பில ஒராளுக்கு அவசரமாக் காசு குடுக்கவேணும், நாளைக்கு உங்களுக்குப் போட்டுவிடுறன்” என்று, அவள் எழுதுவது போலவே எழுதியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் வாட்ஸ்அப் கணக்கை, ஆறு இலக்கக் குறியீட்டை நயமாகக் கேட்டு வாங்கி, யாரோ கைப்பற்றியிருந்தார்கள். பழைய உரையாடல்களை வாசித்தே சொந்தபந்தங்களின் பேச்சுவழக்கைப் படித்திருக்கவேண்டும். பெரியம்மா தன் சேமிப்பிலிருந்து ஒன்றரை இலட்சம் ரூபாயை அனுப்பிவிட்டு, “அனுப்பீட்டன் பிள்ளை” என்று சொல்ல நேரடியாகத் தொலைபேசி எடுத்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அனுப்பி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. வங்கியின் துரித அழைப்பு இலக்கத்தில் நெடுநேரம் காத்திருந்து, கிடைத்த பதில், காலையில் கிளைக்கு வாருங்கள் என்பது. பணம் போய்ச்சேர்ந்த வங்கியோ, எங்கள் வாடிக்கையாளரின் விபரத்தை உங்களுக்குச் சொல்ல முடியாது, பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள் என்றது. காலையில் முறைப்பாட்டுப் பிரதியோடு போனபோது கணக்கில் சில நூறு ரூபாய்தான் மிச்சம், இரவே ஏ.ரி.எம். வழியாக எடுத்துவிட்டார்கள். பின்னர் வந்த கடிதத்தில், பரிமாற்றம் வாடிக்கையாளரின் கடவுச்சொல்லாலும், கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணான ஓ.ரி.பி. இலக்கத்தாலும் உரியவாறு உறுதிப்படுத்தப்பட்டதால் வங்கிக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தது.

பெரியம்மாவுக்கு அந்தக் கடிதத்தை வாசித்து விளக்கியது நான். அவர் கோபப்படவில்லை, “என்ர பிழைதானே தம்பி” என்று தன்னையே நொந்துகொண்டார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், தன் வாழ்நாளில் ஒருமுறையும் பணம் அனுப்பியிராத ஒரு கணக்குக்கு, தன் மீதியில் பெரும்பகுதியை, மாலை நேரத்தில் அனுப்புகிறார். இந்த நான்கு விபரங்களும் அந்த வங்கியின் தரவுத்தளத்திலேயே இருந்தவை. வெளியிலிருந்து எதுவும் வாங்கத் தேவையில்லை. சில வரிகளில் எழுதக்கூடிய விதி ஒன்று அந்தப் பரிமாற்றத்தை நிறுத்திவைத்து ஒருவரை அவருக்குத் தொலைபேசி எடுக்க வைத்திருக்கும். அந்த விதி ஏன் எழுதப்படவில்லை என்பதற்கு என்னிடம் ஒரே விடைதான் உண்டு: அந்த ஒன்றரை இலட்சத்தை இழந்தது வங்கி அல்ல.

ஆளைச் சரிபார்க்கும் முறையிலும் இதே அக்கறையின்மையைக் காண்கிறேன். தொலைபேசியில் வங்கியோடு பேசும்போது நம்மை உறுதிப்படுத்த அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் கேட்கிறார்கள். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களானால் அதனோடு 500 கூட்டியிருக்கும். ஆக முதல் விடை தெரிந்தவனுக்கு இரண்டாவது விடையும் தெரியும். அந்த முதல் விடையை நாம் எங்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தொடர்மாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளியின் கொப்பியில், அலுவலகக் கட்டடங்களின் வரவேற்பு மேசையில், சிம் அட்டை வாங்கும் கடையில், ஒளிப்படப்பிரதி எடுக்கும் இடங்களில் தவறிப்போய்க் கிடக்கும் தாள்களில். பெயரும் தொலைபேசி இலக்கமும் பக்கத்திலேயே இருக்கும். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. வாசலில் இருக்கும் கொப்பி இன்னும் அப்படியே விரிந்து கிடக்கிறது.

எச்சரிக்கைகளின் மொழி பற்றியும் சொல்லியாகவேண்டும். தபால் பொதி வந்திருக்கிறது, கட்டணம் செலுத்த இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகள் பலரை ஏமாற்றின. அவற்றுக்கு எதிராக வங்கிகள் அனுப்பும் எச்சரிக்கைகளில் என் உறவினர்களின் கைத்தொலைபேசிகளுக்கு வருபவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ் வரும்போதும், யாரும் வீட்டில் பேசாத, வாசித்து முடிக்கும் முன்பே அலுக்கவைக்கும் தமிழாக இருக்கிறது. மோசடிக்காரர் பெறாமகளின் தமிழில் எழுதுகிறார். வங்கி சட்டப் பிரிவின் ஆங்கிலத்தில் எழுதுகிறது. கணக்குத் திறக்கும்போது விருப்ப மொழி எது என்று கேட்டு ஒரு கட்டத்தில் பதிகிறார்கள். அந்தக் கட்டத்தைக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருளோடு இணைப்பது சிறு வேலை. ஒரு தொழில்நுட்பத் தலைவர் தன் முதல் மாதத்திலேயே செய்துமுடிக்கக்கூடியது.

தாமதம் வியாபாரத்தைக் கெடுக்கும் என்பார்கள். புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கும், ஆஸ்பத்திரி வாசலில் நின்று பணம் கட்டவேண்டியவருக்கும் ஒரு மணித்தியாலம் பெரிது; அதை நான் மறுக்கவில்லை. எல்லோரையும் எப்போதும் நிறுத்திவைக்கச் சொல்லவுமில்லை. சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓ.சி.பி.சி. வங்கியின் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 790 பேர் போலிக் குறுஞ்செய்திகளால் 13.7 மில்லியன் சிங்கப்பூர் டொலரை இழந்தார்கள். சில வாரங்களுக்குள் அந்நாட்டு நாணய அதிகாரசபை, வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் அழுத்தக்கூடிய இணைப்புகள் இருக்கக்கூடாது, புதிய கைத்தொலைபேசியில், பரிமாற்றங்களை உறுதிப்படுத்தும் பாதுகாப்புக் குறி (டோக்கன்) செயற்பட ஆகக்குறைந்தது 12 மணித்தியாலம் ஆகவேண்டும் என்று விதித்தது. வாடிக்கையாளரே தன் கணக்கை நொடியில் முடக்கிக்கொள்ளும் வசதியும் பின்னர் வந்தது. வழமையான பரிமாற்றங்களை இவை தொடவில்லை. திருடனுக்கு அவசியமான அந்த ஒரு படியில் மட்டும் தாமதத்தை வைத்தார்கள். எந்தப் படியில் வைப்பது என்று தெரிந்திருப்பதற்குத்தான் இந்தத் துறையில் அனுபவம் வேண்டும்.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2007இல் கணினிக் குற்றச் சட்டம் வந்தது. 2015இல் கணினிக் குற்றங்களுக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தமான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் தெற்காசியாவிலிருந்து முதலாவதாக இணைந்தோம். வங்கிகளின் தொழில்நுட்ப இடர் முகாமைத்துவம் பற்றி 2021இல் மத்திய வங்கி பணிப்புரை விடுத்தது. 2024இல் கொழும்பின் புறநகர்களிலும் நீர்கொழும்பிலும் வீடுகளையும் விடுதிகளையும் வாடகைக்கு எடுத்து இணைய மோசடி நடத்திய வெளிநாட்டவர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். ஆனால் அத்தனை மோசடியிலும் பணம் கடைசியில் வந்து இறங்குவது யாரோ ஒருவர் உண்மையான அடையாள அட்டையைக் காட்டித் திறந்த உள்ளூர்க் கணக்கில். சில ஆயிரம் ரூபாய்க்காகத் தன் கணக்கையும் அட்டையையும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்ட இளைஞர்கள், தாங்கள் செய்தது குற்றம் என்பதைப் பொலிஸ் வீட்டுக்கு வந்த பிறகே அறிகிறார்கள். அந்தக் கணக்கைத் திறந்துகொடுத்த வங்கியை நாம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

பிரித்தானியா இதில் தன் பழைய வழக்கத்தை மாற்றிக்கொண்டது. 2024 ஒக்டோபர் 7 முதல் அங்கே, ஏமாற்றப்பட்டு உள்நாட்டில் பணம் அனுப்பிய வாடிக்கையாளருக்கு, சில விதிவிலக்குகளோடு, 85,000 பவுண்வரை திருப்பிக் கொடுக்கவேண்டும்; அந்தச் செலவை அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் பாதிப்பாதியாக ஏற்கவேண்டும். வாடிக்கையாளர் தானே ஓ.ரி.பி. கொடுத்தார் என்பது மட்டும் அங்கே தப்பும் வழியாகாது. இலங்கைக்கு அதே தொகையோ அதே விகிதமோ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றரை இலட்சத்தில் பாதியை, பணம் போய்ச்சேர்ந்த வங்கி செலுத்தவேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால், மாதக்கணக்கில் அசைவில்லாமல் கிடந்த கணக்குக்கு ஒரே மாலையில் முன்பின் தொடர்பில்லாத பலரிடமிருந்து பணம் வந்து அன்றிரவே ஏ.ரி.எம். வழியாக வெளியேறுவதை யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப் பார்ப்பவருக்குக் காலைவரை அந்தக் கணக்கை நிறுத்திவைக்கும் அதிகாரமும், இரவு எட்டு மணிக்கும் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசியும், எல்லா வங்கிகளுக்கும் பொதுவான ஓர் இலக்கமும் வேண்டும். இவற்றை ஏற்படுத்த மத்திய வங்கிக்கு அதிகாரம் உண்டு; கட்டி முடிக்கும் திறமையுள்ள பொறியியலாளர்கள் கொழும்பிலேயே இருக்கிறார்கள்.